ஆளே இல்லாத மேட்ச்... பந்து சுமக்கும் பன்றி... அமெரிக்காவின் ‘குட்டி’ பேஸ்பால் உலகம்!

2002-ம் ஆண்டு ஜூலை 8. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் சார்ல்ஸ்டன் நகரம். மாலையில் பேஸ்பால் மேட்ச். ஆசையாக வந்த ரசிகர்களை ஸ்டேடியத்துக்குள் விடவில்லை. கேட்டில் பூட்டு!

கலவரமா, போலீஸ் உத்தரவா? எதுவும் இல்லை. சொந்த ஊர் அணியான ‘சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ்’ நிர்வாகமே செய்த ஏற்பாடுதான் இது. அன்றைய நிகழ்ச்சிக்குப் பெயரே ‘யாருமில்லாத இரவு’. பேஸ்பாலில் ஐந்து இன்னிங்ஸ் ஆடி முடித்துவிட்டால் அது முறையான ஆட்டமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதுவரை ஒருவரைக்கூட உள்ளே விடாமல் இருந்தால், பதிவேட்டில் ‘பார்வையாளர்கள்: 0’ என்று எழுதலாம். யாராலும் முறியடிக்க முடியாத சாதனை!

உள்ளே காலி நாற்காலிகளுக்கு முன்னால் வீரர்கள் வியர்க்க விறுவிறுக்க ஆட, வெளியே ரசிகர்கள் தின்பண்டங்களோடு திருவிழா கொண்டாடினார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் கேட் திறந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். மேட்ச் பார்க்க முடியாமல் போனதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தை வேறு எந்த விளையாட்டில் பார்க்க முடியும்?

இதுதான் மைனர் லீக் பேஸ்பால். டி.வி-யில் வரும் கோடீஸ்வர வீரர்களின் உலகத்துக்கு ஒரு படி கீழே, சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் இன்னொரு உலகம்.

வீரர்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள்!

நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் போன்ற 30 அணிகள் ஆடுவது மேஜர் லீக். இந்த ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு சின்ன அணிகள் உண்டு. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று அந்தப் படிகளுக்குப் பெயர். ஆக மொத்தம் 120 அணிகள். இளம் வீரர்கள் கீழ்ப் படியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறித்தான் மேஜர் லீக்கைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசிவரை தொடுவதே இல்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சின்ன அணியை நடத்துபவர் பெரும்பாலும் வேறொரு முதலாளி. ஆனால், அணியில் யார் ஆட வேண்டும் என்று அவர் முடிவு செய்ய முடியாது. வீரர்களும் பயிற்சியாளரும் மேலே இருக்கும் பெரிய அணியின் ஆட்கள். சம்பளம் கொடுப்பதும் பெரிய அணிதான். ஒரு பையன் பிரமாதமாக ஆடி, ஊரே அவன் பெயரைச் சொல்லத் தொடங்கும் நேரத்தில் மேலிருந்து போன் வரும். மறுநாள் காலை அவன் வேறு ஊரில் இருப்பான்.

அதாவது, ஜெயிப்பதும் தோற்பதும் அந்த முதலாளியின் கையில் இல்லை. நட்சத்திர வீரரின் படத்தை போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்கவும் முடியாது. போஸ்டர் காய்வதற்குள் ஆள் மாறியிருப்பார்! ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை, ஊரிலும் வெளியூரிலுமாக 130 முதல் 150 மேட்ச்கள். அதில் பாதி சொந்த ஸ்டேடியத்தில். இத்தனை நாளும் நாற்காலிகளை நிரப்ப அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்... அந்தச் சாயங்காலம். குடும்பத்தோடு வருபவர்கள் சிரித்த முகத்தோடு வீடு திரும்ப வேண்டும். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி!

இரண்டு நிமிடத் திருவிழா

பேஸ்பாலில் ஒரு மேட்ச்சுக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும். அணிகள் இடம் மாறும்போதெல்லாம் சுமார் இரண்டு நிமிட இடைவெளி. ஒரு மேட்ச்சில் இப்படி 16, 17 இடைவெளிகள் வரும். டி.வி-யில் என்றால் விளம்பரம் ஓடும். மைனர் லீக்கில் அந்த இரண்டு நிமிடங்கள்தான் மெயின் பிக்சர்.

தரையில் ஊன்றிய பேட்டின் முனையில் நெற்றியை வைத்து, குனிந்தபடி பத்துச் சுற்று சுற்றிவிட்டு ஓட வேண்டும் என்பது ஒரு போட்டி. நேராக ஓடுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே ஓடி விழும் அப்பாக்களைப் பார்த்துப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அணியின் சின்னமாக பொம்மை வேஷம் போட்டு வருபவரோடு ஒரு குட்டிக் குழந்தை ஓட்டப்பந்தயம் ஓடும். கடைசி நொடியில் பொம்மை ஏதாவது சாக்கில் தடுக்கி விழ, குழந்தைதான் ஜெயிக்கும். அந்த பொம்மைக்கு இது தினப்படி வேலை. ஜெயித்த குழந்தைக்கோ வாழ்நாள் வெற்றி!

டி-ஷர்ட்டைச் சுருட்டி, காற்றழுத்தத் துப்பாக்கியில் வைத்துக் கூட்டத்துக்குள் சுடுவார்கள். அலபாமா மாநிலத்தின் ‘மான்ட்காமரி பிஸ்கட்ஸ்’ அணி ஒரு படி மேலே போய், பிஸ்கட்டையே அப்படிச் சுடுகிறது. நம் ஊர் டீ பிஸ்கட் இல்லை. அங்கே பிஸ்கட் என்றால் பன் மாதிரி மெத்தென்று இருக்கும் பண்டம்.

வட கரோலினாவின் ‘டர்ஹம் புல்ஸ்’ மைதானத்தில் ஒரு பெரிய காளை மாட்டு போர்டு நிற்கிறது. ‘காளை மேல் அடித்தால் ஸ்டேக் இலவசம், கீழே புல்லின் மேல் அடித்தால் சாலட் இலவசம்’ என்று எழுதியிருக்கும். 1988-ல் வந்த ‘புல் டர்ஹம்’ சினிமாவுக்காக வைத்த காளையின் வாரிசு இது. படம் ஹிட்டானதும் காளை ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

சில நாள்களில் வாசலிலேயே பரிசு கிடைக்கும். முதலில் வரும் ஆயிரம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு வீரரின் உருவத்தில் தலையாட்டும் பொம்மை. நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பி! இதை வாங்க மதியமே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. வாரக் கடைசியில் வாணவேடிக்கை. ஒருநாள் வளர்ப்பு நாய்களுக்கும் அனுமதி. பென்சில்வேனியாவின் ‘அல்டூனா கர்வ்’ அணி ‘மகா மட்டமான இரவு’ என்று ஒரு நாள் வைத்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் மோசமாகச் செய்து காட்டும். அதே மாநிலத்தின் ‘லீஹை வேலி அயர்ன்பிக்ஸ்’ அணி, 2013-ல் ஆண்கள் கழிப்பறையில்கூட வீடியோ கேம் வைத்தது.

பெயர்களைக் கேட்டாலே சிரிப்பு வரும். குப்பைத் தொட்டியைக் கிளறும் ரக்கூனுக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப் பெயரான ‘ட்ராஷ் பாண்டா’ ஓர் அணியின் பெயர். ‘ஜம்போ இறால்’ இன்னோர் அணி. ‘ஐசோடோப்ஸ்’ என்ற பெயரோ, ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூனில் வந்த கற்பனை அணியிடமிருந்து எடுத்தது. ஊர்ப் பெயர் தெரியாதவர்கள்கூட இந்தத் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அதிலும் வருமானம்!

நியூ ஜெர்சியின் ‘ட்ரென்டன் தண்டர்’ அணிக்கு நட்சத்திரமே ஒரு நாய்தான். பெயர் சேஸ். பந்தை அடித்ததும் வீரர் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார் இல்லையா? அந்த பேட்டைக் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பது இந்த கோல்டன் ரெட்ரீவரின் வேலை. 2013 ஜூலையில் சேஸுக்கு ஸ்டேடியத்திலேயே பிரிவுபசார விழா நடத்தினார்கள். அடுத்த சில நாள்களில் அது இறந்துபோனது. அதற்குப் பிறகு மகன் டெர்பி, பேரன் ரூக்கி என மூன்று தலைமுறையாகக் குடும்பத் தொழில் தொடர்ந்தது.

அப்பா செய்த கூத்து, மகன் செய்த தவறு

இத்தனை கூத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் பில் வீக். 1940-களில் மில்வாக்கி நகரில் ஒரு மைனர் லீக் அணியை நடத்திக் கைதேர்ந்தவர், பின்பு மேஜர் லீக் அணிகளுக்கே முதலாளி ஆனார். 1951 ஆகஸ்ட் 19 அன்று, 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெய்டல் என்பவரை, 1/8 என்ற எண் போட்ட சட்டையோடு பேட் செய்ய அனுப்பினார். அவ்வளவு சின்ன உருவத்துக்குச் சரியான உயரத்தில் பந்து போட முடியாமல் பிட்ச்சர் திணற, நான்கு பந்துகளும் தவறாகிப்போய், கெய்டல் விதிப்படி முதல் பேஸுக்கு நடந்தே போனார். ஊரே சிரித்தது. லீக் நிர்வாகம் சிரிக்கவில்லை. கெய்டல் ஆடிய ஒரே மேட்ச் அதுதான்.

பில் வீக்கின் மகன் மைக் வீக். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் அப்பாவிடமே வேலை பார்த்தார். 1979 ஜூலை 12 அன்று அவர் வைத்த நிகழ்ச்சி, டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்பது. அன்று இரண்டு மேட்ச்கள். சேர்ந்த இசைத்தட்டுகளை நடுவில் மைதானத்தில் வெடிவைத்துத் தகர்ப்பதாகத் திட்டம். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்துவிட்டது. வெடித்ததுதான் தாமதம், ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் குதித்தார்கள். புல்தரை நாசம். போலீஸ் வந்தது. இரண்டாவது மேட்ச் நடக்கவே இல்லை. எதிரணி வென்றதாக அறிவித்தார்கள். 

அதன் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் மைக் வீக்குக்கு பேஸ்பால் கதவு மூடியே கிடந்தது. மறுபடி கதவைத் திறந்துவிட்டது மைனர் லீக்தான். முதலில் ஃபுளோரிடாவில் ஒரு சின்ன அணி. பிறகு 1993-ல் மினசோட்டாவில் ‘செயின்ட் பால் செயின்ட்ஸ்’. நடிகர் பில் முர்ரேயும் இதில் பங்குதாரர். எந்தப் பெரிய அணியோடும் ஒட்டாத தனி அணி. ரயில் பாதையை ஒட்டிய பழைய ஸ்டேடியம். அங்கே ஒரு பன்றிக்குட்டி, அம்பயருக்குப் பந்துகளைச் சுமந்துகொண்டு வந்தது! இன்றைக்கும் ஆண்டுதோறும் புதுக் குட்டி வரும். பெயர் வைக்க ரசிகர்களுக்குப் போட்டி நடக்கும். பார்வையாளர் பகுதியில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்து, வருபவர்களுக்குக் கழுத்து, தோள் எல்லாம் மசாஜ் செய்துவிட்டார். ‘சந்தோஷம் நல்லது’ என்பதுதான் அந்த அணியின் வாசகமே.

வேறு யாரும் வாய்ப்புத் தராதவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. போதைப் பழக்கத்தால் எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருந்த முன்னாள் நட்சத்திரம் டேரில் ஸ்ட்ராபெரி, 1996-ல் செயின்ட்ஸ் அணிக்கு ஆடினார். அதே ஆண்டு யாங்கீஸ் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த ஆண்டின் சாம்பியனும் யாங்கீஸ்தான். 1997-ல் ஐலா பார்டர்ஸ் என்ற பெண் பிட்ச்சர், ஆண்கள் அணியான செயின்ட்ஸுக்குப் பந்து வீசினார்.

‘யாருமில்லாத இரவு’ம் மைக் வீக்கின் கைவண்ணம்தான். எல்லாமே பலித்தது என்று சொல்ல முடியாது. 1997-ல் தந்தையர் தினத்துக்கு, குலுக்கலில் ஜெயிப்பவருக்கு இலவச குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று சார்ல்ஸ்டனில் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சத்தமில்லாமல் வாபஸ்!

இவ்வளவு சிரிக்க வைத்தவரின் வீட்டில் ஒரு பெரிய சோகம் இருந்தது. அவருடைய சின்ன மகளுக்கு விழித்திரை நோய். பார்வை போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது அவர் மேஜர் லீக்கில் திரும்பவும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 20 ஆண்டுகளாகக் காத்திருந்த அந்த வேலையை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நாடு சுற்றிக் காட்டக் கிளம்பினார். கண் இருக்கும்போதே அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக. 2019-ல் மகள் இறந்துபோனார். இந்த அப்பா-மகள் கதை 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் ஆவணப்படமாக வந்து பலரை அழவைத்தது.

தார்ப்பாயும் தண்ணீர் பாட்டிலும்

ரசிகர்களுக்கு மூன்று மணி நேரக் கொண்டாட்டம். அதை நடத்துபவர்களுக்கு அது காலை தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. காலையில் ஆபீஸில் போன் போட்டு டிக்கெட் விற்கும் இளைஞர்தான், மாலையில் டி-ஷர்ட் துப்பாக்கியோடு மைதானத்தில் நிற்பார். பொம்மை வேஷத்துக்குள் கோடை வெயிலில் வெந்துகொண்டிருப்பவர், கல்லூரி முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்த பையனாக இருக்கலாம். திடீரென்று மழை வந்தால் கணக்கு எழுதுபவர், மேனேஜர் என்று பேதமில்லை. எல்லோரும் ஓடிப்போய் ராட்சதத் தார்ப்பாயை இழுத்து மைதானத்தை மூட வேண்டும். வழுக்கி விழுந்தால் கூட்டம் கைதட்டும். அதுவும் ஒரு ஷோதான்!

வீரர்களின் வாழ்க்கை இன்னும் கஷ்டம். இரவு மேட்ச் முடித்து பஸ் ஏறி, விடியற்காலையில் அடுத்த ஊரில் இறங்குவார்கள். பல ஆண்டுகளாக இவர்களுக்குக் கிடைத்த சம்பளம் ரொம்பக் குறைவு. டபுள்-ஏ வீரருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 13,800 டாலர்தான் கிடைத்தது. அமெரிக்க விலைவாசியில் அது வாடகைக்கே காணாது. ஒரே அபார்ட்மென்டில் ஐந்தாறு பேர் காற்றடைத்த மெத்தையில் படுத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பல ஊர்களில் உள்ளூர்க் குடும்பங்களே வீரர்களுக்கு வீட்டில் ஓர் அறை கொடுத்து, சொந்தப் பிள்ளை போலச் சாப்பாடும் போட்டன.

2022-ல்தான் நிலைமை மாறத் தொடங்கியது. தங்குமிடம் கொடுப்பது பெரிய அணிகளின் பொறுப்பானது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. டபுள்-ஏ வீரரின் குறைந்தபட்ச சம்பளம் 30,250 டாலராக உயர்ந்தது.

இந்த ஏணியில் இரண்டு இந்தியர்களும் ஏறிப் பார்த்தார்கள். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற டி.வி. போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து அமெரிக்கா போனார்கள். அதற்கு முன் பேஸ்பாலே ஆடியதில்லை! பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை எடுத்துக்கொண்டு, 2009-ல் அடிமட்ட லீக்கில் களமிறக்கியது. தினேஷ் சீக்கிரமே ஊர் திரும்பினார். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார். காயங்கள் அதற்கு மேல் விடவில்லை. பிறகு WWE மல்யுத்த மேடைக்குப் போனார். இவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட் படமானது. இசை, நம் ஏ.ஆர்.ரஹ்மான்.

விடிய விடிய ஒரு மேட்ச்

மைனர் லீக் ரசிகர்கள் இன்றைக்கும் பேசும் ஒரு மேட்ச் உண்டு. 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டகெட் நகரம். உள்ளூர் பாட்டகெட் ரெட் சாக்ஸ் அணியும் ரோசெஸ்டர் அணியும் மோதின. 9 இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் சமம். பேஸ்பாலில் டிரா கிடையாது. யாராவது ஜெயிக்கும் வரை ஆட வேண்டும். 

ஆடினார்கள். நள்ளிரவு தாண்டியது. எலும்பைத் துளைக்கும் குளிர். உடைந்த பேட்களைப் போட்டுக் கொளுத்தி வீரர்கள் குளிர் காய்ந்தார்கள். 32 இன்னிங்ஸ் முடிந்தும் 2-2. ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை 4:07 மணிக்கு மேட்ச்சை நிறுத்தியபோது, 1,700 பேருக்கு மேல் வந்திருந்த கூட்டத்தில் மிச்சம் இருந்தது 19 பேர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் நிர்வாகம் இலவச பாஸ் கொடுத்துக் கௌரவித்தது.

ஜூன் 23 அன்று மிச்ச மேட்ச் தொடர்ந்தது. 18 நிமிடத்தில், 33-வது இன்னிங்ஸில் முடிந்தும்விட்டது. மொத்தம் 8 மணி 25 நிமிடங்கள். தொழில்முறை பேஸ்பால் வரலாற்றிலேயே நீண்ட மேட்ச் இதுதான். அன்று ஆடிய வேட் பாக்ஸ், கால் ரிப்கன் ஜூனியர் இருவரும் பின்னாளில் மேஜர் லீக்கின் ஜாம்பவான்கள் ஆனார்கள். ஆனால், பாட்டகெட்டை ஜெயிக்க வைத்த அந்தக் கடைசி அடியை அடித்தவர் டேவ் கோசா. அவர் மேஜர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. பாட்டகெட் ரசிகர்களுக்கு அதனால் அவர் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

ஊர் இழந்த சாயங்காலம்

2020-ல் கொரோனா வந்தது. அந்த ஆண்டு மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்து. டிக்கெட்டை நம்பியே இருக்கும் அணிகள் தவித்துப்போயின. ஃபுளோரிடாவின் ‘பென்சகோலா புளூ வாஹூஸ்’ அணி, தன் ஸ்டேடியத்தையே ஓர் இரவுக்கு 1,500 டாலர் வாடகைக்கு விட்டது. வீரர்களின் அறையில் தூங்கலாம். மைதானத்தில் இறங்கி ஆடலாம்!

அடுத்து வந்தது இன்னும் பெரிய அடி. செலவைக் குறைக்க, சின்ன அணிகளின் எண்ணிக்கையை மேஜர் லீக் 120 ஆக்கியது. 2021-க்குள் 40-க்கும் மேற்பட்ட ஊர்கள் பெரிய அணிகளோடு இருந்த தொடர்பை இழந்தன. சேஸ் பேட் பொறுக்கிய ட்ரென்டனும் அதில் ஒன்று. சில அணிகள் கலைந்துபோயின. சில, கல்லூரி மாணவர்களை வைத்தும் தனி லீக்குகளில் சேர்ந்தும் தாக்குப்பிடித்தன. தனியாக நின்ற செயின்ட் பால் செயின்ட்ஸுக்கோ எதிர்பாராத பதவி உயர்வு. மினசோட்டா ட்வின்ஸின் டிரிபிள்-ஏ அணியானது. பன்றிக்குட்டியும் கூடவே போனது!

பாட்டகெட் அணி இந்தக் குறைப்பில் சிக்கவில்லை. ஆனால், புது ஸ்டேடியம் கட்டும் பேச்சுவார்த்தை முறிந்ததால், பக்கத்து மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்குப் போக ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது. 2020-தான் அதன் கடைசி சீசன். கொரோனாவால் அதுவும் நடக்கவில்லை. கடைசியாக ஒருமுறை கைதட்டி வழியனுப்பக்கூட ஊருக்கு வாய்ப்பில்லை.

அப்போது நிர்வாகம் ஒன்று செய்தது. மைதானத்தின் நடுவில், புல்தரையில், தள்ளித் தள்ளி மேஜை போட்டது. ஊர் மக்கள் குடும்பம் குடும்பமாக முன்பதிவு செய்து வந்து, 33 இன்னிங்ஸ் நடந்த அதே தரையில் உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 2025-ல் அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி வரப்போகிறது.

மற்ற ஊர்களில் ஏப்ரல் வந்தால் விளக்கு எரிகிறது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பேர் வந்து போகிறார்கள். பல ஸ்டேடியங்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்துக்குள் விடுவார்கள். வரிசையாக வந்து, ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு ஓடி, முழுச் சுற்று முடிக்கலாம். நடக்கப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தாக்களும் ஓடுவார்கள். மேட்ச்சில் யார் ஜெயித்தது என்று அந்த நேரத்தில் கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது!